ஒரகடத்தில் நின்ற கொங்காணி

எங்கள் தெருவில் வெளிநாடு போகிறேன் என்று சொன்னால் துபாய், சிங்கப்பூர் என்று அர்த்தம். நான் ஒரகடம் போய்விட்டு வந்து, வெளிநாடு போய் வந்தேன் என்று சொல்லிக்கொண்டு திரிகிறேன். யாரும் நம்புவதாக இல்லை. போய்ப் பார்த்தால்தானே தெரியும்! தங்கிய விடுதியில் சாவி கொடுத்தவர் ஒடிசாக்காரர். எதிர் அறையில் கொரியாக்காரர். லிஃப்டில் என்னோடு ஏறியவர்கள் ஆளுக்கொரு பாஷை பேசினார்கள். சாலையோரப் பலகைகளில் கட்டமும் வட்டமுமாக எனக்கு வாசிக்கத் தெரியாத எழுத்து. பாஸ்போர்ட்டில் முத்திரை குத்தாத குறைதான்.

வெயிலைத் தனியாகச் சொல்ல வேண்டும். கோத்தகிரியில் போட்டுக்கொண்டு கிளம்பிய ஸ்வெட்டரை மேட்டுப்பாளையத்தில் கழற்றினேன். ஸ்ரீபெரும்புதூரில் இறங்கியபோது தோலையும் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாமா என்று இருந்தது. இப்படிப்பட்ட ஊருக்கு நான் கொண்டுபோன சரக்கு என்ன தெரியுமா? கம்பளி.

போன காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். நான் ஆட்டு ரோமத்தில் ஃபெல்ட் செய்கிறவள். நூல் நூற்க வேண்டாம், தறி வேண்டாம். ரோமத்தைப் பரப்பி, வெந்நீரும் சோப்பும் விட்டு, தேய்த்துச் சுருட்டி உருட்டிக்கொண்டே இருந்தால் இழைகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுகித் தடித்த கம்பளியாகிவிடும். கூடவே முதுகும் இறுகிவிடும். அதை மட்டும் யாரும் முன்கூட்டிச் சொல்லித்தர மாட்டார்கள். அந்தக் கம்பளியில் ஆடு மேய்க்கிறவர்களின் உடுப்பையும் கூடாரத்தையும் பெரிது பெரிதாகச் செய்து நிறுத்துவது என் வேலை. கலை என்று சிலர் சொல்வார்கள். என் அண்ணன் மட்டும் பார்க்கும்போதெல்லாம், "மெத்தை வியாபாரம் எப்படிப் போகுது?" என்று கேட்பான்.

ஒரகடம் பக்கத்தில் ஒரு கம்பெனி. பெயர் வேண்டாம். காருக்குள் சத்தம் வராமல் இருக்கக் கதவுக்குள்ளும் கால் வைக்கிற தரைக்கு அடியிலும் தடித்த விரிப்பு ஒன்று வைப்பார்கள், அதைச் செய்கிறார்கள். அதுவும் ஃபெல்ட்தான். ஆட்டு ரோமத்துக்குப் பதில் பழைய துணியை அரைத்துப் பஞ்சாக்கி, மெஷினில் ஊசிகளால் குத்திக் குத்தி இறுக்குகிறார்கள். கொரியாவில் இருக்கும் அவர்களுடைய பெரியவருக்கு ஓர் ஆசை. ஃபெல்ட்டின் பூர்வீகமே ஆடு மேய்க்கிறவர்கள்தான், அவர்களை நினைக்கிற மாதிரி புதுக் கேன்டீன் வாசலில் ஏதாவது நிற்கட்டும் என்றாராம். விசாரித்து என்னைப் பிடித்தார்கள். நான் கொங்காணி செய்தேன்.

கொங்காணி தெரியும்தானே? மழை வந்தால் ஆட்டுக்காரர் கம்பளியின் ஒரு மூலையை உள்ளே மடித்துத் தலையில் கவிழ்த்துக்கொள்வார். சாக்கிலும் செய்வார்கள். நடந்தால் அது உடுப்பு, குந்தி உட்கார்ந்தால் கூடாரம். அதையே ஐந்தாறு பேர் உள்ளே போய் உட்காருகிற அளவுக்குப் பெரிதாக்கினேன். வெளிப்பக்கம் தருமபுரிப் பக்கத்துக் கருப்பாட்டு ரோமம், உள்பக்கம் நீலகிரி ஆட்டின் வெள்ளை ரோமம். ஒரு பிள்ளையைச் சுமந்து பெறுகிற காலம் ஆயிற்று. மூன்று சுருளாகச் சுருட்டி லாரி பார்சலில் முன்னால் அனுப்பிவிட்டு, திங்கட்கிழமை பின்னாலேயே நானும் போய்ச் சேர்ந்தேன். வெள்ளிக்கிழமை காலை பெரியவர் நேரில் வந்து திறந்துவைப்பதாக ஏற்பாடு.

கேட்டில் என்னைக் கூட்டிப்போக வந்தவர் தாமோதரன். கம்பெனியில் கேன்டீன், பஸ், தோட்டம், விருந்தாளி எல்லாம் அவர் தலையில். பக்கத்து ஊரான வடக்குப்பட்டுக்காரர். எந்தத் திசையைக் கேட்டாலும் "எங்க வூட்டாண்ட தான் மேடம்" என்பார்.

"இன்னா மேடம், வெயில் தாங்குதா? நாஷ்டா ஆச்சா?"

"ஆச்சுங்க தம்பி. என்ற கம்பளி வந்து சேந்துதுங்களா?"

"மூணு ரோலும் சூப்பரா வந்துச்சு. ஸ்டோர்ஸ்ல பத்திரமா கீது."

பத்திரமாகத்தான் இருந்தது. அவர்களுடைய சாம்பல் நிறச் சுருள்களுக்கு நடுவில் என் மூன்று சுருளும் சமர்த்தாகப் படுத்திருந்தன. ஒன்றில் மட்டும் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. வரவேற்பு பலமாக இருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அதை விரித்தேன். கொங்காணியின் முதுகுப் பகுதி அது. இடது ஓரத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, வலது ஓரத்தில் ஒன்று என்று மூன்று சதுர ஓட்டைகள். ஒவ்வொன்றும் என் கையை விரித்து வைத்தால் சரியாக இருக்கும். ஸ்கேல் வைத்து அழகாக, பிசிறில்லாமல் வெட்டியிருந்தார்கள்.

எலி கடித்திருந்தால் எலியைத் திட்டலாம். இதை எதற்காக, யார், எந்த வேண்டுதலுக்காகச் செய்தார்கள்?

விஷயம் இதுதான். பார்சல் ரசீதில் நான் "ஃபெல்ட், மூன்று ரோல்" என்று எழுதியிருந்தேன். அந்தக் கம்பெனிக்குள் எந்த ஃபெல்ட் ரோல் வந்தாலும் முதல் ரோலைப் பிரித்து, இரண்டு ஓரத்திலும் நடுவிலும் ஒவ்வொரு துண்டு வெட்டி லேபுக்கு அனுப்ப வேண்டும். நெருப்பில் காட்டிப் பார்ப்பார்கள், இழுத்துப் பார்ப்பார்கள். இது யார் வீட்டு ரோல், எதற்கு வந்தது என்று யாரும் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்தவரை "வாங்க" என்று சொல்வதற்கு நாம் யோசிப்பதில்லையே, அதுபோல அங்கே வந்த ரோலை வெட்டுவதற்கு யாரும் யோசிப்பதில்லை.

"யாருங்க வெட்டுனது?" என்று நான் கேட்டது கோத்தகிரி வரைக்கும் கேட்டிருக்கும்.

லேபுக்குக் கூட்டிப்போனார் தாமோதரன். வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு சின்னப் பெண் எழுந்து நின்றாள். முத்துச்செல்வி. டிப்ளமோ முடித்துவிட்டு டிரெய்னியாகச் சேர்ந்தவள், கமுதிப் பக்கத்துக்காரி. கையில் கத்தரி வேறு இருந்தது.

"நீதானா கண்ணு?" என்றேன். கண்ணு என்று சொன்னேனே தவிரக் குரலில் கண்ணு இல்லை.

"ஆத்தாடி... அது நீங்க செஞ்சதா மேடம்? ரோலு வந்தா வெட்டணும், அம்புட்டுதான் எனக்குத் தெரியும். சத்தியமாத் தெரியாமப் போச்சு." கண் கலங்கிவிட்டது அவளுக்கு. அடுத்த மூச்சில், "ஆனா மேடம், நெருப்புல காட்டுனேன், பத்தவே மாட்டேன்னுருச்சு. தன்னால அணைஞ்சு போச்சு. எங்க ரோலு கூட இப்படிப் பாஸாகாது" என்றாள்.

கோபத்தின் நடுவில் எனக்கு ஒரு பெருமை வந்து தொலைத்தது. அதை விழுங்கிக்கொண்டு, வெட்டிய துண்டுகளையாவது கொடு, ஒட்டிப் பார்க்கிறேன் என்றேன். ஒன்று நெருப்பில் கருகிவிட்டது. ஒன்றை மெஷினில் இழுத்துக் கிழித்தாகிவிட்டது. மூன்றாவது, கவரில் போட்டு ஒட்டி அலமாரியில் பூட்டியிருந்தது.

"அதத் தொடக்கூடாது மேடம். சரக்கு அனுப்புனவுக வந்து கேட்டாக் காட்டுறதுக்குப் பத்திரமா வைக்கணும்."

"அனுப்புனவளே நான்தானே கண்ணு?"

"ஆமா மேடம். அதுக்குத்தான் பத்திரமா வச்சிருக்கேன்."

வெளியே வந்ததும் தாமோதரன் குரலைத் தணித்துக்கொண்டார். "கொஞ்சம் பொறுத்துக்கினு கேளுங்க மேடம். வெள்ளிக்கிழமை அது நிக்கலன்னா ஏன்னு மேல கேப்பாங்க. பொண்ணு பேரு தான் முதல்ல போவும். வர்ற மாசம் பெர்மனென்ட் ஆவப்போற டைம். பேஜாராப்பூடும்."

எனக்குக் கோபம் வரும்போது மலையே அதிரும். ஆனால் அது ரொம்ப நேரம் நிற்காது. அது எனக்கு ஒரு வியாதி. வெள்ளிக்கிழமை காலைக்குள் மூன்று ஓட்டையையும் அடைத்துக் கொங்காணியை நிறுத்தியாக வேண்டும். என் உழைப்புக்காகவும்தான், அந்தப் பெண்ணின் வேலைக்காகவும்தான். கைவசம் இருந்தது, அங்கங்கே பூசுவதற்காகக் கொண்டுவந்த ஒரு பை ரோமம். தாராளமாகப் போட்டால் ஒரு ஓட்டைக்கு வரும். வீட்டில் இருந்ததை எல்லாம் இதிலேயே போட்டாயிற்று. அடுத்தபடி ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்க இன்னும் எத்தனையோ மாதம் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை விடுதியில் இட்லிக்குப் பக்கத்திலேயே சிவப்பாக முட்டைக்கோஸ் ஊறுகாய் ஒன்று வைத்திருந்தார்கள். கொரியாக்காரர்கள் அதைச் சோற்றோடு தின்கிறார்கள். நான் இட்லியோடு தின்றேன். புளிப்பும் காரமுமாக, தக்காளிச் சட்னிக்குச் சித்தப்பா முறை ஆகும் போல இருந்தது. எதிர் அறைக்காரர் என்னைப் பார்த்துவிட்டுத் தானும் ஓர் இட்லியை அதில் தோய்த்துத் தின்றார். தலையை ஆட்டினார். இரண்டு தேசமும் அன்றைக்குக் காலையில் சமாதானமாகிவிட்டது.

அப்புறம் பஸ். அந்தச் சாலையில் ஷிஃப்ட் நேரத்துக்கு வருகிற பஸ்ஸைப் போல நான் எங்கேயும் பார்த்ததில்லை. வரிசை வரிசையாக வெள்ளை பஸ்கள், எல்லாம் கம்பெனி பஸ்கள். எங்கள் மலையில் பஸ்ஸுக்காக நாம் நிற்போம், வராது. இங்கே வந்துகொண்டே இருக்கிறது, நமக்காக நிற்காது. ஒன்று என் எதிரில் நின்றது. தாமோதரன் அனுப்பிய பஸ்தான் என்று நினைத்து ஏறி உட்கார்ந்துவிட்டேன். சுற்றிலும் சீருடைப் பெண்கள், அத்தனை பேரும் ஜன்னலில் தலை சாய்த்து ஒரே மாதிரித் தூக்கம். கேள்வி கேட்க ஆள் இல்லை.

பஸ் ஒரு கேட்டுக்குள் நுழைந்தது. எல்லோரும் இறங்கி வரிசையில் நின்றார்கள், நானும் நின்றேன். கேன்டீன் வரிசை அது. பொங்கலும் வடையும் தட்டில் விழுந்தன. தின்று முடித்த பிறகுதான் சுவரில் பெரிய எழுத்தில் வேறு கம்பெனியின் பெயரைப் பார்த்தேன். அடக் கடவுளே! செக்யூரிட்டிக்காரர் ஓடி வந்து, "ஐடி எங்கம்மா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்து முடிக்க அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. திரும்பிப் போகிற காலி பஸ்ஸில் ஏற்றிவிட்டார். போகும்போது, "பொங்கல் எப்படி கீது?" என்று வேறு கேட்டார். உப்பு கம்மி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அந்தப் பஸ்ஸின் ஜன்னல் வழியாகத்தான் ஆடுகளைப் பார்த்தேன். வேலி போட்டு, இன்னும் கட்டடம் கட்டாத ஒரு மனை. உள்ளே ஐம்பது அறுபது செம்மறி. "நிறுத்துங்க, நிறுத்துங்க!" என்று கத்தி இறங்கினேன். ரோமம் கிடைத்துவிட்டது, மூன்று ஓட்டையும் அடைந்துவிட்டது, முத்துச்செல்வி பெர்மனென்ட் ஆகிவிட்டாள் என்று மனசு முன்னாலேயே ஓடியது.

பக்கத்தில் போய்ப் பார்த்தால் அத்தனை ஆடும் செம்பட்டை நிறத்தில், வழுவழுவென்று, குதிரை மாதிரி நின்றன. உடம்பில் குட்டையான மயிர்தான் இருந்தது. கத்தரிக்க ஒன்றுமில்லை. ஆட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். ரோமம் வேண்டும் என்று கேட்டேன்.

"இத்தப் போயி கம்பளி ஆடுன்னு நினைச்சுக்கினியாம்மா?" அவர் தன் ஆட்டைத் தானே ஒரு முறை பார்த்துக்கொண்டார், புதிதாக எதுவும் முளைத்திருக்கிறதா என்று. "இந்த வெயில்ல இதுக்குக் கம்பளி வேற போத்திவுட்டா செத்துப்பூடும். கறி வேணும்னா சொல்லு, நல்லா கீது."

மலையில் இருந்து வந்த புத்தி, ஆடு என்றால் கம்பளி என்று நினைத்துக்கொண்டது. ஊருக்கு ஏற்ற ஆடு. ஆட்டுக்காரரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெறுங்கையோடு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன்.

புதன்கிழமை ஸ்டோர்ஸ் மூலையில் ஒரு பெரிய மேசையைப் பிடித்து உட்கார்ந்தேன். இருக்கிற ரோமத்தை வைத்து நடு ஓட்டையை மட்டுமாவது அடைப்போம் என்று எண்ணம். இதற்கு ஓர் ஊசி உண்டு. காது இருக்காது, நூல் கோக்க முடியாது. உடம்பில் சின்னச் சின்ன வெட்டு இருக்கும். குத்தும்போது அந்த வெட்டு ரோமத்தை இழுத்துக்கொண்டு உள்ளே போய்ச் சிக்க வைத்துவிடும். ஐந்து ஊசி கொண்டுவந்திருந்தேன். கம்பளி கெட்டி, எனக்கு ஆத்திரம். மதியச் சாப்பாட்டுக்குள் நான்கு ஊசி உடைந்தது.

"இன்னாக்கா இது, ஊசி மேல கோவத்தக் காட்டிக்கினு கீற?" என்று ஒரு குரல். மெஷின் லைனில் வேலை செய்கிற கஸ்தூரி. சேரப்பணஞ்சேரிக்காரி, பேச ஆரம்பித்தால் மெஷினே நிறுத்திக் கேட்கும். உடைந்த ஊசியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். "ஐய! இது நம்ம மெஷின் ஊசிக்கா!"

என்னை லைனுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அம்மாடி! கட்டில் அளவுக்கு ஒரு பலகை. அதில் வயலில் நாற்று நட்ட மாதிரி நெருக்கமாக ஊசிகள். நான் ஒவ்வொன்றாகக் கையில் பிடித்துக் குத்துகிற அதே ஊசி, அதே வெட்டு. அத்தனையும் ஒரே நேரத்தில் கீழே இறங்கி ஏறி, இறங்கி ஏறி, பஞ்சு ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் கெட்டி விரிப்பாக வெளியே வந்தது. நான் ஒரு மாதம் செய்கிற வேலையை அது டீ குடிக்கிற நேரத்தில் செய்துகொண்டிருந்தது. பொறாமைப்படவில்லை என்று சொன்னால் பொய். சத்தம்தான் காதைப் பிளந்தது. கஸ்தூரி பேசியது உதட்டசைவில்தான் தெரிந்தது. கழற்றிப் போட்ட பழைய ஊசிகளில் முனை நன்றாக இருந்ததைப் பொறுக்கி, மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, ஒரு டப்பா நிறையக் கொடுத்தாள். மலையில் நான் ஐந்து ஐந்தாக எண்ணி வாங்குகிற ஊசி!

"ரோமம் இல்லியே கஸ்தூரி" என்றேன் வெளியே வந்து.

"நம்ம பஞ்சு இல்ல?"

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பழைய துணிப் பஞ்சையா, என் ஆட்டுக் கம்பளியிலா! கஸ்தூரி அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளாமல் ஒரு கைப்பிடி கொண்டுவந்து மேசையில் போட்டாள். தூரத்தில் சாம்பல் நிறம். கிட்டே பார்த்தால் ஜீன்ஸ் நீலம், யாருடைய புடவையோ சிவப்பு, ஒரு மஞ்சள் இழை. ஊரில் உள்ள கிழிசலெல்லாம் அதில் இருந்தது. பருத்தி வெந்நீருக்கு இறுகாது. ஆனால் என் ரோமத்தில் ஒரு பங்கும் இந்தப் பஞ்சில் இரண்டு பங்கும் கலந்து ஊசியால் குத்தினால், ரோமம் பஞ்சைப் பிடித்துக்கொள்ளும். ஒரு ஓட்டைக்கு இருந்த ரோமம் மூன்றுக்கும் வந்துவிடும். வேறு வழி? கலந்தேன்.

ஷிஃப்ட் முடிந்ததும் முத்துச்செல்வி வந்து மேசைக்கு எதிரில் நின்றாள். ஓர் ஊசியை நீட்டினேன். உட்கார்ந்து குத்த ஆரம்பித்தாள். கொஞ்ச நேரத்தில் மூக்கைச் சுளித்தாள்.

"என்னம்மா?"

"ஆட்டு வாடைம்மா. எங்கய்யா கெடை ஆட்டுக்காரரு. வயலு வயலாக் கெடை போட்டுக்கிட்டுப் போவாக. பள்ளிக்கூடத்துல எம்பக்கத்துல ஒருத்தி உக்கார மாட்டா, ஆட்டு வாடை அடிக்குதுன்னு. இந்த வாடையே வேணாம்னுதான் படிச்சு இம்புட்டுத் தூரம் ஓடியாந்தேன். பாத்தா, பார்சல்ல பின்னாடியே வந்துருச்சு!"

பக்கத்தில் குத்திக்கொண்டிருந்த கஸ்தூரி சிரித்த சிரிப்பில் ஸ்டோர்ஸ்காரர் எட்டிப் பார்த்தார். முத்துச்செல்வியும் சிரித்தாள். அய்யாவிடம் தினமும் பேசுவாயா என்று கேட்டேன்.

"எங்கிட்டுப் பேச! ஹாஸ்டல்ல ரூமுக்கு ஆறு பேரு. இங்கன மெஷினு. அவரு பக்கம் ஆடு கத்தும், எம்பக்கம் மெஷினு கத்தும். ரெண்டு பேரும் 'என்ன, என்ன'ன்னு கேட்டுட்டு வச்சிருவோம்."

டீ நேரத்தில் லைனில் இருந்து வந்த பெண்கள் ஆளுக்குக் கொஞ்சம் குத்திவிட்டுப் போனார்கள். கோயிலில் தேர் வடத்தைத் தொட்டுவிட்டுப் போவதுபோல, குத்தாமல் யாரும் போகவில்லை. தாமோதரனும் ஒரு முறை குத்தினார். விரலில்.

வியாழக்கிழமை கேன்டீனில் பாத்திரம் கழுவுகிற வெந்நீரும் சோப்பும் கேட்டு வாங்கி, ஒட்டுப் போட்ட இடங்களைச் சுற்றி நனைத்துத் தேய்த்து உருட்டினோம். நனைந்ததும் கேன்டீன் முழுக்க ஆடு வந்துவிட்டது. முத்துச்செல்வி கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு தேய்த்தாள். கோத்தகிரியில் இந்தக் கனத்துக்குக் கம்பளி காய நாள் கணக்கில் தவம் கிடக்க வேண்டும். மேகம் வரும், மழை வரும், பூஞ்சணம் வந்துவிட்டதோ என்று அடிக்கடி முகர்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். இங்கே மொட்டை மாடியில் போட்டுவிட்டு, கஸ்தூரி வீட்டிலிருந்து கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் மொறுமொறுவென்று காய்ந்து கிடந்தது. திங்கட்கிழமையிலிருந்து நான் திட்டிய வெயிலிடம் மனசுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். குழம்பைப் பற்றி ஒன்றே ஒன்று சொல்கிறேன். அதற்காகவே இன்னொரு முறை ஒரகடம் போவேன்.

முத்துச்செல்வி ஒட்டுகளை ஒவ்வொன்றாக இரண்டு கையாலும் பிடித்து இழுத்துப் பார்த்தாள். லேபில் இருக்கிற முகம் வந்துவிட்டது அவளுக்கு. "விடாதும்மா" என்றாள். சாயங்காலம் இரும்புக் குழாயில் சட்டம் கட்டி மூன்று சுருளையும் ஏற்றினோம். கருப்பாக, பெரிதாக, மழைக்குக் குந்தியிருக்கிற ஆள் மாதிரி கொங்காணி எழுந்து நின்றது. அதன் முதுகில் மூன்று சாம்பல் சதுரம். மறைக்க முடியவில்லை. கருப்பில் பளிச்சென்று தெரிந்தது. எனக்கு அது பிடித்துத்தான் போயிற்று. ஆனால் நாளைக்கு வருகிறவருக்குப் பிடிக்க வேண்டுமே. தாமோதரன் அதையே பார்த்துக்கொண்டு, "முதுகுப் பக்கமா செவுத்தாண்ட திருப்பி வச்சுடலாமா மேடம்?" என்றார். கேன்டீனைப் பார்த்திருக்கிற அதன் திறப்பு வெளிப்பக்கம் போய்விடும், முடியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை பெரியவர் வந்தார். நான் நினைத்ததைவிடக் குள்ளம், வயதானவர், நடையில் அவசரமே இல்லை. நேராக முதுகுப் பக்கம்தான் போனார். பின்னால் கம்பெனிப் படையே போனது. நடுச் சதுரத்தில் உள்ளங்கையை வைத்தார். கொரிய மொழியில் என்னவோ கேட்டார். கூட வந்த மொழிபெயர்ப்பாளர், "இது மட்டும் ஏன் வேறு நிறம் என்று கேட்கிறார்" என்றார்.

தாமோதரன் முகத்தில் ரத்தமே இல்லை. நான் ஏதோ கலை விளக்கம் சொல்லி மழுப்பிவிடலாம் என்று தொண்டையைச் சரிசெய்தேன். அதற்குள் வரிசையில் நின்ற முத்துச்செல்வி சொல்லிவிட்டாள்.

"சாம்பிள் வெட்டுன இடம் சார். புது ரோல் வந்தா வெட்டுவோம். இத ரோல்னு நினைச்சு நான்தான் வெட்டுனேன். நம்ம பஞ்ச வச்சு அடைச்சிருக்கோம்."

மொழிபெயர்ப்பாளர் தயங்கித் தயங்கிச் சொன்னார். பெரியவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாஸானதா என்கிறார்."

"பாஸ் சார்! நெருப்புல பத்தவே இல்ல."

பெரியவர் சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் சத்தமாக. சிரித்துக்கொண்டே ஆலை மேலாளரிடம் என்னவோ சொன்னார். தன் லேப் யாரையும் பார்த்துப் பயப்படவில்லை, அது போதும் என்றாராம். தாமோதரன் என் காதில், "பொண்ணு பொழச்சுக்கிச்சு மேடம்" என்றார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வெயில் என்று சொல்லித் துடைத்துக்கொண்டேன்.

அப்புறம் அவர் குனிந்து உள்ளே போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் நானும் தலையை உள்ளே விட்டேன். தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். கையைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துச் சைகை காட்டினார். அப்போதுதான் கவனித்தேன். மெஷின் சத்தம் இல்லை. சாலையில் போகிற லாரிச் சத்தம் இல்லை. சத்தத்தைத் தின்கிறதற்காகவே ஃபெல்ட் செய்கிற கம்பெனியில், சத்தம் இல்லாத இடம் அது ஒன்றுதான். ஆசையாக ஒரு பொருளைச் செய்தவளுக்கே அது தெரியவில்லை பாருங்கள்.

விழா முடிந்து, பெரியவர் போய், லட்டு தீர்ந்து, டீ நேரமும் ஆகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு கடைசியாக ஒரு முறை பார்க்கலாம் என்று போனேன். கொங்காணிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம். குனிந்து பார்த்தேன். முத்துச்செல்வி வெள்ளைக் கம்பளியில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்து, போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தாள்.

"அய்யா, கேக்குதா? எனக்கு நல்லாக் கேக்குது. ஆமாய்யா, பெர்மனென்ட் ஆயிரும்னு சொல்லிட்டாக..."

அந்தப் பக்கத்தில் அய்யா என்னவோ கேட்டார். அவர் குரலுக்குப் பின்னால் ஒரு குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. முத்துச்செல்வி பேச்சை நிறுத்தினாள். காதைச் சாய்த்துக் கேட்டாள். மறுபடியும் கத்தியது.

"அது கெடக்கட்டும்யா, அப்புறம் பேசுவோம்" என்றாள். "மொதல்ல அந்தக் குட்டியப் புடிச்சுத் தாயிகிட்ட விடுங்க. அது பசிக்குல்ல கத்துது."